ஊதாத சங்கு

அளவைமானி பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. யசோதரை இதைச் சொல்லாத மேடை இல்லை. ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்று அது பார்ப்பதில்லை. சொல்பவருக்கு அந்தச் செய்தி எந்த வழியாகத் தெரியவந்தது என்று மட்டும் பார்க்கும். சாட்சி தலையில் ஒரு மெல்லிய தொப்பியை மாட்டிக்கொண்டு பேச வேண்டும். கண்ணாலோ காதாலோ நேரே அறிந்ததைச் சொன்னால் தொப்பியோடு இணைந்த பெட்டியில் நீல விளக்கு எரியும். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கருதி அறிந்திருந்தால் மஞ்சள். நம்பிக்கையான ஒருவர் சொல்லித் தெரிந்ததென்றால் வெள்ளை. எதிலும் சேராமல் மனம் தானாகக் கட்டிக்கொண்டதென்றால் பெட்டி இருண்டே கிடக்கும்.

இந்தப் பாகுபாடு யசோதரை கொடுத்தது. பெரம்பூரில் மூன்று தலைமுறையாகப் பௌத்தர்களாக இருக்கும் குடும்பம் அவளுடையது. அப்பா ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். பௌத்த தர்க்கம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அதைப் படித்து எந்த ஆபீசில் உட்காருவாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பல வருடம் கழித்து, மூளையின் தடங்களைப் படிக்கும் கருவி செய்திருந்த ஒரு நிறுவனம் அவளைத் தேடி வந்தது. அவர்களிடம் கருவி இருந்தது, அது காட்டுவதை எப்படி வகை பிரிப்பது என்று தெரியவில்லை. அறியப்படும் பொருள்கள் மூன்று வகை என்று அவள் எழுதிக் கொடுத்தாள். கண்முன் இருப்பவை, மறைந்திருப்பவை, முற்றிலும் மறைந்திருப்பவை. முதல் வகைக்குக் காட்சி, இரண்டாவதற்குக் கருதல். மூன்றாவதற்கு, அறிந்தவர் ஒருவரின் சொல்லைத் தவிர வேறு வழி கிடையாது. இந்தப் பாகுபாட்டில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் கெட்டிக்காரர்கள் சண்டை போட்டுச் செதுக்கியது அது.

விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயங்கள் கருவியை ஏற்றுக்கொண்டன. அதற்கென்று ஒரு விதியும் வந்தது: விளக்கு எரியாத வாக்கியம் சாட்சியத்தில் சேராது.

அந்த விதியில்தான் தூத்துக்குடிப் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஊருக்கு வெளியே கடற்கரைச் சாலையில் இருந்த ஓர் இறால் ஆலையில் ஒரு பிற்பகல் அம்மோனியா கசிந்தது. இறாலை உறைய வைக்கும் குளிர் அறைகளுக்கு அந்த வாயு வேண்டும், அது இல்லாமல் ஆலை ஓடாது. உரிக்கும் கூடத்தில் இருந்த பெண்களில் சிலர் செத்துப்போனார்கள். பலருக்கு நுரையீரல் வெந்துவிட்டது. ஆபத்து என்றால் ஆலைச் சங்கு மூன்று முறை ஊத வேண்டும். ஊதியது, பெண்கள்தான் அலட்சியமாக உட்கார்ந்திருந்தார்கள் என்றது ஆலை. சங்கு ஊதவே இல்லை என்றார்கள் பெண்கள். விபத்துக்கு மறுநாளே ஆலை சங்கின் மின் இணைப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தது. ஆகவே பார்த்துச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஆட்களின் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது.

கருவியை விளக்கும் நிபுணராகத் தீர்ப்பாயம் யசோதரையை அழைத்திருந்தது. முதல் நாள் விசாரணையை அவள் முன்வரிசையில் இருந்து பார்த்தாள்.

ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் அன்று பணியில் இருந்தவர் செபஸ்தியான். நாற்பது வயது இருக்கும். கறுத்து ஒடுங்கிய முகம். தொப்பியை மாட்டிக்கொண்டு, "சங்கு ஊதுச்சு" என்றார். மஞ்சள் எரிந்தது.

அடுத்து உரிக்கும் கூடத்தின் மேற்பார்வையாளர் அமலோற்பவம் வந்தாள். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "சங்கு ஊதல" என்றாள். பெட்டி இருண்டு கிடந்தது. இன்னொரு பெண் வந்து அதையே சொன்னாள். அப்போதும் இருட்டுதான். எத்தனை பெண்கள் சொன்னாலும் பெட்டி அசையவில்லை.

"கருவியே சொல்லிவிட்டது" என்றார் ஆலையின் வழக்கறிஞர் திருவேங்கடம். "எங்கள் சாட்சிக்கு இருப்பது அறிவு. இவர்களுக்கு இருப்பது கற்பனை."

நீதிபதி பெண்களின் வாக்கியங்களை நீக்கச் சொன்னார். பின்வரிசையில் யாரோ விம்மினார்கள்.

வெளியே வந்ததும் பெண்களின் வழக்கறிஞர் பகவதி யசோதரையின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். பேச்சில் திருநெல்வேலி வாடை வீசும் அந்த மனுஷிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"உங்க பெட்டி அத்தன பொம்பளையளையும் பொய்க்காரின்னு சொல்லிட்டுல்லா?"

"பொய்னு சொல்லல. எப்படித் தெரியும்னு கேட்டா அதுக்குப் பதில் கிடைக்கலன்னு சொல்லுது."

"ரெண்டும் ஒண்ணுதான். கோர்ட்டுல ஒண்ணுதான்."

யசோதரை அவளை எதிரே இருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனாள். அவளுக்குத் தவறு எங்கே என்று அதற்குள் தெரிந்திருந்தது. விழாத ஓசை மூளையில் தடம் விடாது. தடம் இல்லாத இடத்தில் கருவி எதைப் படிக்கும்? பழைய தர்க்கவாதிகள் இதே இடத்தில்தான் ஒரு காலத்தில் மல்லுக்கட்டினார்கள். இல்லாத பொருளை அறிவது எப்படி? அவர்கள் வழி கண்டுபிடித்தும் இருந்தார்கள்.

"இந்த மேசை மேல குடம் இருக்கா?" என்று கேட்டாள்.

பகவதி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "இல்ல."

"எப்படித் தெரியும்? இல்லாத குடத்த எப்படிப் பாத்தீங்க?"

"மேசையப் பாத்தேன். வெறுமனே கெடக்கு."

"அதேதான். நீங்க பாத்தது வெறும் மேசைய. குடம் இருந்திருந்தா இந்த வெளிச்சத்துல உங்க கண்ணுக்குத் தப்பாது. அதனால இல்லைனு தெரியும். சரி, இந்த டம்ளர்ல கிருமி இருக்கா?"

"அத நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"சொல்ல முடியாது. ஏன்னா இருந்தாலும் உங்க கண்ணுக்குத் தெரியாது. காணாததையெல்லாம் இல்லைனு சொல்லிட முடியாது. இருந்தா கண்டிருப்பேன்னு சொல்ல முடியுற பொருளை மட்டும்தான் இல்லைனு சொல்லலாம். அது ஊகம் இல்ல, அறிவு."

பகவதி டீயைக் கீழே வைத்தாள். "அப்ப நாங்க கேள்வியத் தப்பாக் கேட்டிருக்கோம்."

"ஆமா. சங்கு ஊதுச்சா இல்லையான்னு கேட்டோம். வெறும் மேசையப் பத்தி யாரும் கேட்கல."

பகவதி முகம் மலரவில்லை. விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "இதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு. சங்கு ஊதலன்னு நாம நிரூபிச்சோம்னு வைங்க, ஆலைக்காரன் உடனே பிளேட்ட மாத்துவான். செபஸ்தியான் பட்டன அழுத்தல, தூங்கிட்டான்னு சொல்லுவான். ஊர்லயும் அப்படித்தான் பேசுதாவ. அமலோற்பவமே அவரோட முகம் கொடுத்துப் பேசுறதில்ல. செத்துப்போனதுல ஒருத்தி ரெக்ஸ்லின். அவரு பொண்டாட்டி."

யசோதரை இதை எதிர்பார்க்கவில்லை. காலையில் மஞ்சள் விளக்கின் முன் உட்கார்ந்திருந்த அந்த ஒடுங்கிய முகம் நினைவுக்கு வந்தது.

"அவர்கிட்டயும் கேள்வி சரியாக் கேட்கல" என்றாள். "ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடச் சொல்லி மனு போடுங்க. கேள்விகள நான் கேட்கறேன்."

மனு ஏற்கப்பட்டது. திருவேங்கடம் மறுப்புச் சொல்லிப் பார்த்தார். கருவிக்கு வகை பிரித்துக் கொடுத்தவரே கேட்கட்டும், நீங்கள் குறுக்கு விசாரணை செய்துகொள்ளுங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

அடுத்த விசாரணை நாளில் கூடம் நிரம்பியிருந்தது. பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். செபஸ்தியான் மறுபக்கம் தனியாக, சுவரோரம் இருந்தார். அமலோற்பவம் தொப்பியை மாட்டிக்கொண்டு அமர்ந்தாள்.

"சங்கப் பத்தி எதுவும் சொல்ல வேணாம்" என்றாள் யசோதரை. "கண்ணு எரிய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க காதுல என்னென்ன விழுந்தது, அதை மட்டும் சொல்லுங்க."

"தண்ணிக் குழாய் ஓடிட்டு இருந்துச்சு." நீலம். "வெளிய ஐஸ் லாரி ரிவர்ஸ் எடுத்துச்சு. பீப் பீப்னு சத்தம்." நீலம். "ரெக்ஸ்லின் பாடிட்டு இருந்தா. எதுத்த மேசை அவ. கோயில்ல பாடுற பாட்டுதான். மெதுவா, தனக்குள்ளயே பாடுவா." நீலம்.

சுவரோரம் இருந்த செபஸ்தியான் தலையைக் குனிந்துகொண்டார்.

"எரிய ஆரம்பிச்ச பிறகு?"

"அப்பவும் லாரி சத்தம் கேட்டுச்சு. ஒருத்தி இருமுனா. தட்டு ஒண்ணு கீழ விழுந்துச்சு." எல்லாமே நீலம்.

"ஷிப்டு மாறும்போது அதே சங்குதானே ஊதும்? நீங்க அதே மேசையில, குழாய் ஓடும்போது அதைக் கேட்டிருக்கீங்களா?"

"தெனமும் கேக்குறதுதான். மேசையே அதிரும். நாங்க பேசுறது ஒருத்தருக்கொருத்தர் கேக்காது." நீலம் பளிச்சென்று எரிந்தது.

"ரெக்ஸ்லின் மெதுவா பாடினது கேட்டிருக்கு. மேசைய அதிர வைக்கற சங்கு ஊதியிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்குமா?"

அமலோற்பவம் அவளையே பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்பது அவளுக்குப் பிடிபட்டதை முகம் காட்டியது. "கேக்காம எப்படி? ஊதியிருந்தா கேட்டிருக்கும். கேக்கல. அப்ப ஊதல."

மஞ்சள் எரிந்தது.

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. திருவேங்கடம் எழுந்தார். "சாட்சிக்குப் பாடம் நடத்தி மஞ்சள் வாங்கியிருக்கிறார்."

"அவங்க காதுல விழுந்தத நான் சொல்லிக் கொடுக்கல" என்றாள் யசோதரை. "நான் அங்கே இல்லை. அன்னைக்கு இவங்ககிட்ட கேட்டது இல்லாத ஒண்ணப் பத்தி. அதுக்கு அவங்க எதைக் காட்ட முடியும்? இன்னைக்கு இருந்ததைப் பத்திக் கேட்டேன், காட்டிட்டாங்க."

நீதிபதி எழுதிக்கொண்டே தலையசைத்தார்.

திருவேங்கடம் சாட்சியின் பக்கம் திரும்பினார். "கண் எரிந்தது என்கிறீர்கள். பிறகு ஏன் எழுந்து ஓடவில்லை? சங்கு ஊதினால்தான் மூச்சு விட வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தார்களா?"

அமலோற்பவம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் பார்வை ஒரு கணம் சுவரோரம் போய்த் திரும்பியது. "சங்கு ஊதாம மேசைய விட்டு எந்திரிக்கக் கூடாது. ஆலைச் சட்டம் அது" என்றாள். வெள்ளை. மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை யசோதரை கவனித்தாள். வழக்குக்கு அது தேவையில்லாததால் கேட்காமல் விட்டாள்.

பகவதி சொன்னது அப்படியே நடந்தது. திருவேங்கடம் ஒரு நிமிடம் தன் உதவியாளரோடு குசுகுசுத்துவிட்டு நிமிர்ந்தார். "சங்கு ஊதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பொறுப்பு ஆலைக்கு இல்லை. பொத்தானை அழுத்த வேண்டியவர் அழுத்தவில்லை. செபஸ்தியான் மீது தனியாக வழக்குத் தொடர ஆலை தயாராக இருக்கிறது."

பெண்கள் பக்கத்திலிருந்து மறுப்பே வரவில்லை. ஒருத்தி ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தாள். அதுவரை ஆலையின் சாட்சியாக இருந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் குற்றவாளி ஆகிவிட்டார். செபஸ்தியான் எழுந்து வந்து, யாரும் சொல்லாமலேயே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மீட்டர்ல வாயு ஏறுறதப் பாத்ததும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள் யசோதரை.

"பட்டன அழுத்துனேன்."

நீலம்.

பெண்கள் எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். அமலோற்பவம் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவையா?"

"மூணு தடவ. அப்புறம் திரும்பவும். கை வலிக்கற வரைக்கும்." நீலம்.

"அழுத்தினதும் என்ன பாத்தீங்க?"

"பட்டனுக்கு மேல செவப்பு லைட்டு எரிஞ்சுது. சங்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம்." முதல் பாதிக்கு நீலம் எரிந்தது. பிற்பாதிக்கு அது மஞ்சளாக மாறியது.

"உங்க அறை எப்படிப்பட்டது?"

"கண்ணாடி ரூம். சுத்தி அடைச்சிருக்கும். கம்ப்ரசர் சத்தம் தாங்காதுன்னு ரெட்டைக் கண்ணாடி போட்டிருக்காவ. அங்கேருந்து உரிக்கிற கூடம் தெரியாது."

"சங்கு உங்க காதுல விழுந்ததா?"

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஞாபகத்துக்குள் தேடினார்.

"இல்ல" என்றார். "கம்ப்ரசர் சத்தந்தான் கேட்டுச்சு."

நீலம்.

"அப்ப சங்கு ஊதுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"லைட்டு எரிஞ்சுதே."

"லைட் பட்டனோட சேர்ந்ததா, சங்கோட சேர்ந்ததா?"

அவர் மின் வேலை தெரிந்தவர். கேள்வி முடியுமுன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. கை மெல்ல நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "பட்டனோட" என்றார். பிறகு நீதிபதியைப் பார்க்காமல், யசோதரையையும் பார்க்காமல், பெண்கள் இருந்த பக்கம் திரும்பிக் கேட்டார். "அப்ப அவளுக்குக் கேக்கவே இல்லையா? நான் அழுத்திட்டே இருந்தேனே."

அதற்குமேல் வழக்கில் நீளமாக எதுவும் இல்லை. ஷிப்டுச் சங்குக்கும் ஆபத்துச் சங்குக்கும் குழல் ஒன்றுதான், இணைப்புகள் வேறு. ஆபத்து இணைப்பு அடிக்கடி தவறாக ஊதி வேலையைக் கெடுக்கிறது என்று ஆலை அதைத் துண்டித்து வைத்திருந்ததைப் பராமரிப்புப் பொறியாளர் தொப்பியை மாட்டியதும் சொல்லிவிட்டார். தீர்ப்பு ஆலைக்கு எதிராக வந்தது. செபஸ்தியான் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று நீதிபதி தனிப் பத்தியில் எழுதினார். விளக்கு எரியாத வாக்கியத்தை நீக்குவதற்கு முன், சாட்சி அந்த இடத்தில் என்ன கண்டார், என்ன கேட்டார் என்று விசாரித்தாக வேண்டும் என்று விதியையும் திருத்தச் சொன்னார்.

யசோதரைக்கு நிறைவாக இருந்தது. கருவி சரி, பாகுபாடு சரி, கேள்விதான் சரியில்லாமல் இருந்தது. இனி அதுவும் சரியாகிவிடும். பெட்டியை உறையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

பெண்களை ஊருக்கு அழைத்துப் போக வந்திருந்த வேன் வாசலை ஒட்டிய வேப்பமர நிழலில் நின்றது. அமலோற்பவம் மூச்சு வாங்கியபடி கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செபஸ்தியான் அவளெதிரே போய் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "கோர்ட்டுல அந்த வக்கீல் கேட்டாருல்ல. கண்ணு எரிஞ்சும் ஏன் ஓடலன்னு. நீங்க முழுசாச் சொல்லல. என்னப் பாத்துட்டு நிறுத்திட்டீங்க."

அமலோற்பவம் தரையைப் பார்த்தாள். "விடுங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"இத்தன நாளா அவ மேல எனக்குக் கோவம். நான் சங்கு ஊதியும் அவ எந்திரிச்சு ஓடலையேன்னு. செத்தவ மேல கோவப்பட்டுட்டு இருந்தேன். இன்னைக்கு அது போச்சு. மிச்சத்தையும் சொல்லுங்க."

அமலோற்பவம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு முதல்லயே பயந்தான். வாடை எப்பவும் கொஞ்சம் இருக்கும், ஆனா அன்னைக்கு வேற மாதிரி இருந்துச்சு. நாங்க எந்திரிச்சோம். ரெக்ஸ்லின்தான் உக்காருங்கன்னா. 'எங்க வீட்டுக்காரரு மேல கண்ட்ரோல் ரூம்ல இருக்காரு. ஏதும்னா மொத சங்கு அவருதான் ஊதுவாரு. ஊதலைல்லா? அப்ப ஒண்ணும் இல்ல'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. நாங்களும் உக்காந்துட்டோம்."

யசோதரை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். ஆபத்து இருந்தால் சங்கு ஊதியிருக்கும். ஊதவில்லை. ஆகவே ஆபத்து இல்லை. டீக்கடை மேசையில் அவள் பகவதிக்கு விளக்கியதும், கூடத்தில் மஞ்சள் விளக்கை எரிய வைத்ததும் இதே கணக்குதான். ரெக்ஸ்லின் ஒரு படியையும் தவறவிடவில்லை. தர்க்கம் படித்த எவரும் குறை சொல்ல முடியாதபடி சரியாகக் கருதியிருந்தாள். அவள் நம்பிய மனிதரும் பொய்க்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு கம்பியை யாரோ துண்டித்து வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

செபஸ்தியான் அழவில்லை. மெல்ல பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"நான் தூங்கியிருப்பேன்னு அவ நினைக்கலையே" என்றார்.

"ஒரு நிமிசங்கூட நினைக்கல. நாங்கதான் நினைச்சோம்."

"நான் அழுத்தினேன், அமலோற்பவம்."

"தெரியும்."

"பெட்டியில நீல லைட்டப் பாத்துத் தெரிஞ்சுதா?"

"நான் பெட்டியப் பாக்கல" என்றாள் அவள். "உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க சொன்னீங்க, போதும்."

வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அமலோற்பவம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், இரண்டடி நடந்தாள், திரும்பிப் பார்த்தாள். "பஸ்ஸுக்கா நிக்கப் போறீங்க? வாங்க, ஊருக்குத்தான போறோம்."

செபஸ்தியான் தயங்கிக்கொண்டே அவள் பின்னால் போனார். வேனுக்குள் ஒருத்தி நகர்ந்தாள், அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும் நகர்ந்தாள், ஜன்னலோரம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.